பழகாத புழு

எண்டிரின் டப்பாவைத் திறந்தால் வரும் வீச்சம் மண்ணெண்ணெயைப் போலத்தான் தொடங்கும். பிறகு தொண்டைக்குள் கசப்பாக இறங்கி, சோறு உண்ணும்போதும் விடாது. அறுபதுகளின் கடைசியில், பல்லடத்துக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் கம்போடியாப் பருத்தி காய் பிடிக்கும் பருவம் முழுக்க எங்கள் வீடு அந்த வீச்சத்திலேயே கிடந்தது.

காய்ப்புழுவுக்கு அடிக்கும் அந்த விஷத்தை யாரும் விஷம் என்று சொன்னதில்லை; "மருந்து" என்றுதான் பெயர். அது வந்த முதல் வருடம் புழுக்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. தெருவில் நடக்கும்போதே அப்பாவிடம் ஒரு நிமிர்வு தெரிந்தது. அடுத்தடுத்த வருடங்களில், மருந்து பட்டுக் காய்ந்த காயின்மேலேயே புழு சாவகாசமாக ஊர்ந்தது. புழு மருந்துக்குப் "பழகிக்கிச்சு" என்று ஊரே பேசியது. முதலில் காரம் தாங்காமல் அழுத குழந்தை பிறகு மிளகாய்ச் சட்னியைக் கேட்டு வாங்கித் தின்பதில்லையா, அப்படித்தான் இதுவும் என்று அப்பா நம்பினார். பருத்தியை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பதால் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

மருந்தை வாளித் தண்ணீரில் ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கைக்குத்தான் பதம் தெரியும் என்பார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு வேப்பங்குச்சியைக் கொண்டுவந்து நீட்டுவாள். "ஏனுங்க, குச்சியில கலக்குங்க" என்பாள். அப்பா வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். ஆரம்பத்தில் மருந்தடித்த அன்றெல்லாம் அவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். போகப் போக அது குறைந்த மாதிரி இருந்தது. கடைசியாக அவர் கலக்கியபோது நான் பயந்துபோய், எதற்கு இப்படிக் கையை விடுகிறீர்கள் என்று கேட்டேன். அப்பா சிரித்தார்.

"புழுவே பழகிக்கிச்சு, மனுசனுக்குப் பழகாதா கண்ணு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று நடுப்பகலில், மருந்தடித்துக்கொண்டிருந்தவர் செடிகளுக்கு நடுவே விழுந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

பின்னாளில் விலங்கியல் படித்தபோதுதான், எந்தப் புழுவும் எதற்கும் பழகவில்லை என்று தெரிந்துகொண்டேன். மருந்துக்குச் சாகாத உடல்வாகோடு ஒன்றிரண்டு புழுக்கள் முதல் வருடமே அந்தக் கூட்டத்தில் பிறந்திருக்கின்றன. மற்றவை செத்து ஒழிந்தபின் அவைதான் பெருகின. நாங்கள் பார்த்தவை அவற்றின் வாரிசுகள். ஒரு புழு தன் ஆயுளுக்குள் விஷத்தை வெல்லக் கற்றுக்கொள்வதில்லை. மனிதனும் அப்படித்தான். இதைப் படித்த அன்று எனக்குத் தெளிவு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சின்ன விஷயத்தை எங்கள் ஊருக்கு வந்து சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போனதே என்று.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. பனியன் கம்பெனி நிற்கிறது. நூல் எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்குகிறது, பருத்திச் செடியையே பார்த்திராத பிள்ளைகள் அதைத் துணியாக்குகிறார்கள். நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெறும் வரை, பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன என்று விடைத்தாளில் எழுதிய பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை. கல்நெஞ்சக்காரி என்று பெயரெடுத்தேன். ஆயிரம் புழு செத்தாலும் அந்தக் கூட்டத்தில் நாலு மிஞ்சும். எங்களுக்கு அப்பா ஒருவர்தான் இருந்தார்.