சுண்ணாம்பு காய்ந்த பிறகு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மகள் சரசு குடிமைப் பயிற்சிப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ‘மந்திரிகள் திட்டம் போடுவார்கள். அதிகாரிகள் அதை நிறைவேற்றுவார்கள்.’ நாலு தடவை படித்தாள். அஞ்சாவது தடவை நிறுத்திவிட்டாள்.

“ஏப்பா, அப்ப ஆபீசருக யோசிக்கவே வேணாமா?”

நான் எட்டாவது வரை படித்தவன். புத்தகத்தோடு சண்டை போட எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு மனிதர் சைக்கிள் மிதித்துப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளே. அவரைப் பற்றித்தான் இந்த வாரம்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் மலேரியா மருந்து அடிக்கும் குழுவில் வேலை பார்த்தேன். மலேரியாவை நம் பக்கத்தில் குளிர் காய்ச்சல் என்பார்கள். வெயில் கொளுத்தும்போதுகூட உடம்பு வெடவெடவென்று நடுங்கும். நாலு போர்வை போட்டாலும் நிற்காது.

கடித்த கொசு எங்கே போகும்? வீட்டுச் சுவரில் போய் உட்காரும். அதனால் சுவரிலேயே மருந்தை அடித்து வைத்துவிட்டால் உட்கார்ந்த கொசு செத்துப் போகும். இதுதான் திட்டம். நல்ல திட்டம்தான். ஒருவன் பம்பை அழுத்த, இன்னொருவன் குழாயைப் பிடித்துச் சுவரெல்லாம் அடிப்போம். பிறகு வாசல் பக்கத்தில் காவியால் தேதி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம்.

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கார்த்திகை மாதம் மருந்து அடிக்க வேண்டும் என்று உத்தரவு. அடித்தோம்.

அங்கே கருப்பாயி என்று ஓர் அம்மாள். கத்தரித் தோட்டத்தில் வேலை. செல்லம் என்று ஒரே பெண், ஏழு வயது. வருஷா வருஷம் மாசி பிறந்தால் போதும், செல்லத்துக்குக் குளிர் காய்ச்சல் வந்துவிடும். முந்தின வருஷம் பிழைத்ததே பெரிசு என்றார்கள்.

அந்த வீட்டில் அடித்து முடித்ததும் கருப்பாயி சுவரைப் பார்த்தாள். மருந்து காய்ந்து திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது.

“என்னா அப்பு, சுவத்துக்குத் தேமல் வந்தாப்புல இருக்கு? பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம்ல?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தாராளமா அடிங்க ஆத்தா. சுத்தம்தான் சுகம்!” என்றேன்.

எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் சுத்தம், சுத்தம் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். சுண்ணாம்பு பூசினால் மருந்து அதன் அடியில் போய்விடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்காகத் தோன்றவும் இல்லை.

பொங்கல் வந்தது. ஊரே சுண்ணாம்பு அடித்தது. மருந்தும் மறைந்தது, நாங்கள் எழுதிய தேதியும் மறைந்தது.

தை மாதம் மேலேயிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். தேதி எங்கே என்று கேட்டார். பாவம், கருப்பாயி பெருமையாகச் சொல்லிவிட்டாள் — “நாந்தாங்க அடிச்சேன். ஒத்தையாளா, அம்புட்டுச் சுவரும்!”

பத்தாவது நாள் எங்கள் ஆபீசுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. சர்க்கார் அடித்த மருந்தை அழித்ததற்காக அவள் மேல் ஏன் வழக்குப் போடக்கூடாது என்று கேட்டு. ஒரு ஆள் மாட்டினால் மற்றவர்கள் பயப்படுவார்களாம்.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் எங்கள் இன்ஸ்பெக்டர் சவரிமுத்து ஐயா. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

“ஐயா... சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது நாந்தான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ பெருமூச்சு விட்டார்.

“நீ கருப்பாயிகிட்டச் சொன்ன. எங்க வீட்டுல யாருப்பா சொன்னா?”

எனக்குப் புரியவில்லை.

“கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என் சம்சாரம் வீடு பூரா வெள்ளையடிச்சிட்டா. மருந்து அடிச்ச வீடு. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்... ‘அந்த மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சு பாரு’ன்னு வேற சொன்னேன். இன்னிக்கித்தான் உறைக்குது. நியாயமாப் பாத்தா மொத நோட்டீஸை அவளுக்குல்ல குடுக்கணும்? ராச்சோறு கெடைக்குமா எனக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

மூன்று வாரம் ஊர் ஊராகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான்: “எப்ப வெள்ளையடிப்பீக?” வேதக்காரர்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு முன்னால். மற்றத் தெருக்களில் பொங்கலுக்கு முன்னால். சொல்லி வைத்தாற்போல் எல்லா ஊரிலும் இதே பதில். நாங்கள் அடிப்பதோ கார்த்திகையில்!

நாங்கள் அடித்த மருந்து அத்தனையும் சுவரில் நின்றது ஒன்றரை மாதத்துக்குத்தான். கொசுவோ மாசியில் வருகிறது.

அந்த மாசியில் செல்லத்துக்குக் காய்ச்சல் வந்தது. இன்ஸ்பெக்டர் மாத்திரையோடு போனார், நானும் கூடப் போனேன். குழந்தையின் பல் தந்தியடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. கருப்பாயி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் யாரோ நோட்டீஸ் பற்றிச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

“தெரியாமப் பண்ணிட்டேன் சாமி. என்னைய ஜெயில்ல போட்டா இவளை யாரு பாப்பா?”

“எந்திரி ஆத்தா. தப்பு எங்க மேல.”

அன்றைக்கே ஆபீசில் உட்கார்ந்து எழுதினார். ‘சுண்ணாம்பு அடிப்பதை நிறுத்த முடியாது, மருந்து அடிக்கும் மாதத்தை மாற்றலாம். பொங்கலுக்குப் பிறகு அடித்தால் மக்களும் அழிக்க மாட்டார்கள், மருந்தும் மாசியில் வேலை செய்யும்.’ நோட்டீஸையும் அதோடு சேர்த்துத் திருப்பி வைத்தார்.

“என் பேரையும் எழுதுங்கய்யா. நாந்தானே அடிக்கச் சொன்னேன்” என்றேன்.

அவர் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார். ‘சுண்ணாம்பு அடிக்கலாம் என்று எங்கள் ஆட்களே கூறியுள்ளனர். கூடாது என்று அவர்களுக்கு நான் சொல்லித் தரவில்லை.’

என் பேர் அதில் இல்லை, பிள்ளைகளே. ‘நான்’ என்று எழுதியிருந்தது அவரைத்தான்.

மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார். “ஏன்யா சவரிமுத்து, நீர் மருந்து அடிக்க வந்தீரா, சர்க்காருக்குச் சட்டம் எழுத வந்தீரா?” என்று கேட்டாராம்.

“சட்டம் எழுதலங்க. சுவத்துல இருக்கறதை எழுதியிருக்கேன்” என்றாராம் இவர்.

“நோட்டீஸைக் குடுக்காமத் திருப்பினா உம்ம வேலைக்கே உலை வச்சிரும், தெரியுமில்ல?”

“தெரியுங்க.”

என்ன நினைத்தாரோ, அந்த மேலதிகாரி காகிதத்தை இன்னொரு தடவை படித்தாராம். பிறகு ஒரு கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். அவர் வீட்டிலும் பொங்கலுக்கு வெள்ளையடித்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மந்திரி மதராஸில் உட்கார்ந்து ‘மலேரியா இருக்கக்கூடாது’ என்று சொல்கிறார். அது பெரிய வார்த்தை. சொல்ல ஒருவர் வேண்டும்தான். ஆனால் எந்த மாதம், எந்தச் சுவர், அந்தச் சுவரை யார் எப்போது பூசுகிறார்கள்... இதெல்லாம் மதராஸுக்கு எப்படித் தெரியும்? வாசல்படி ஏறினவர் எழுதிச் சொன்னால்தானே தெரியும்! வாசலில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள் கொடுக்கும் ரிப்போர்ட்டில் எல்லாச் சுவரும் நன்றாகத்தான் இருக்கும்.

மாதங்கள் ஓடின. பதில் இல்லை. அடுத்த கார்த்திகை வந்தது. பம்புகளைத் துடைத்து வைத்துக் காத்திருந்தோம், அடிக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. மார்கழியில் ஒரு கவர் வந்தது. நோட்டீஸ் ரத்து. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இனிப் பொங்கல் பண்டிகை கழிந்த பிறகே மருந்து அடிக்க வேண்டும்!

தையில் முதல் வீடாகக் கருப்பாயி வீட்டுக்குப் போனோம். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. தேமலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அந்த உத்தரவை எடுத்து அவளுக்கு நிறுத்தி நிறுத்திப் படித்தார். இனி வெள்ளையடிப்பதென்றால் அடுத்த பொங்கலுக்குத்தான் என்றும் சொன்னார்.

அவள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

“இதுல உங்க பேரு எங்கிட்டு இருக்கு சாமி?”

“எம் பேரு எதுக்கு ஆத்தா? உன் பொங்கல் இருக்குல்ல?”

அந்த மாசியில் செல்லம் காய்ச்சல் என்று ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.