காலிறுதிப் பட்டியலின் இருபதாவது பெயர்

அக்கா முப்பத்தொரு வருடம் ஒரு கால்பந்து கிளப்பில் வேலை பார்த்தாள். ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகக் கண்ணால் பார்த்ததில்லை. கேலரிப் படிகளுக்கு அடியில் இருந்தது அவளுடைய அலுவலகம். கூரை படிகளின் சாய்விலேயே இறங்கிவரும். கோப்பு அலமாரிக்குப் போனால் குனிந்துதான் போக வேண்டும். மேலே ஆயிரக்கணக்கான கால்கள் ஒன்றாகக் குதித்தால் காரை உதிர்ந்து டைப்ரைட்டரில் விழும். அப்படி விழுந்தால் நம் அணி கோல் போட்டுவிட்டது. சத்தம் மட்டும் கேட்டுக் காரை விழாவிட்டால் நடுவரைத் திட்டுகிறார்கள். இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை என்று பெருமையடித்துக்கொள்வாள்.

பேருக்குத்தான் டைப்பிஸ்ட். வீரர்களின் பதிவு, பாஸ்போர்ட், பஸ், ஓட்டல் அறை, எல்லாமே அவள் தலையில்தான் விடியும். தலைவர் முதல் புல் வெட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. தலைவருக்கு அவளைவிட இருபது வயது கூட. அவரும் கூச்சநாச்சமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வேலையை விட்டுப் பதினைந்து வருடம் கழித்து, எழுபத்துமூன்று வயதில், அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற வாத்தியார். சின்னக் கோப்பையின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

சின்னக் கோப்பை என்பது ஜனங்கள் வைத்த பெயர். அந்தக் கண்டத்தில் ஒவ்வொரு நாட்டிலும் வருடம் முழுக்க ஆடிப் புள்ளிக் கணக்கில் முதலாவதாக வருகிற கிளப் பெரிய கோப்பைக்குப் போகும். பணக்காரக் கிளப்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். தோற்றால் வெளியே என்கிற உள்நாட்டுக் கோப்பை ஒன்றும் எல்லா நாட்டிலும் உண்டு. அதில் நாலைந்து ஆட்டம் நன்றாக வாய்த்தால் யாரும் ஜெயிக்கலாம். அப்படி ஜெயித்தவர்களையெல்லாம் கூட்டி மோதவிட்டதுதான் சின்னக் கோப்பை. செங்கல் சூளை ஊரின் கிளப்பும் துறைமுகத் தொழிலாளிகளின் கிளப்பும் விமானம் ஏறியது அதனால்தான். முப்பத்தெட்டு வருடம் நடந்தது. பிறகு தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பெரிய கிளப்களே திரும்பத் திரும்ப வேண்டியிருந்தது. பெரிய கோப்பையை ஊதிப் பெருக்கினார்கள். சின்னக் கோப்பையை இரண்டு வரிக் கடிதத்தில் இழுத்து மூடினார்கள். அந்தக் கடிதத்தைப் பிரித்துக் கோப்பில் சேர்த்தவளும் அக்காதான்.

அது மூடப்படுவதற்கு முன் கடைசியாக நடந்த அரையிறுதியைப் பற்றித்தான் வாத்தியார் கேட்டார்.

"உங்க கிளப்போட மூணாவது கோல்கீப்பர் போன வருஷம் தவறிட்டாரும்மா. அவர் வீட்டுல காலிறுதிப் பட்டியலைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருந்தாங்க. அதுல தடையில இருந்த ஆளோட பேரே இல்ல. பட்டியல் யார் தயார் பண்ணதுன்னு தெரிஞ்சா எழுதிடுவேன்."

அக்கா ஒருநாள் அவகாசம் கேட்டாள்.

நடந்தது இதுதான். அந்த வருடம் அவர்களுடைய கிளப் சின்னக் கோப்பையில் ஆடியது. இடது பக்கத் தடுப்பாட்டக்காரனை எல்லோரும் கொக்கி என்பார்கள். எதிராளியின் காலை அப்படிக் கொக்கி போட்டு இழுப்பான். முதல் சுற்றில் ஒருவனை இழுத்ததற்குச் சிவப்பு அட்டையும் மூன்று ஆட்டத் தடையும் கிடைத்தன. அடுத்து காலிறுதி, இரண்டு ஆட்டம். ஒவ்வொரு சுற்றுக்கும் இருபது பெயர் கொண்ட பட்டியல் அனுப்ப வேண்டும். பெஞ்சு என்று பெயர் வாங்கிய மூன்றாவது கோல்கீப்பருக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருடமாக உட்கார்ந்தே இருந்தவர். அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு தடவையாவது என் பேர் அந்த லிஸ்ட்ல வரட்டும். ஆடறதுக்கு இல்ல. பேர் இருந்தா போதும்."

கொக்கிதான் எப்படியும் ஆட முடியாதே, ஒரு இடத்தை ஏன் வீணாக்குவது என்று அக்கா நினைத்தாள். கொக்கியை எடுத்துவிட்டு இருபதாவது பெயராகப் பெஞ்சைச் சேர்த்தாள். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். விதிப் புத்தகத்தை எண்பது பக்கமும் வாசித்தவள், கடைசியில் பிற்சேர்க்கை என்று போட்டிருந்ததை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். தடைபட்ட வீரரின் பெயர் பட்டியலில் இருந்தால்தான் அவர் ஆடாமல் இருந்த ஆட்டம் தடைக் கணக்கில் சேரும் என்று எழுதியிருந்தது அங்கேதான்.

காலிறுதியில் கிளப் ஜெயித்தது. அரையிறுதிப் பட்டியலில் கொக்கியை மறுபடி சேர்த்தாள். முதல் ஆட்டம் வெளியூரில், சமன். கொக்கி ஆடவில்லை. இரண்டாவது ஆட்டம் உள்ளூரில். அன்று காலை பயிற்சியாளர் தலையை நீட்டிக் கேட்டார்.

"அக்கா, கொக்கியை இன்னிக்கு இறக்கலாமில்ல?"

"மூணு ஆட்டம் முடிஞ்சுது சார். தாராளமா இறக்கலாம்."

அன்று மூன்று முறை காரை விழுந்தது. கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் கொக்கியை உள்ளே அனுப்பினார். ஒன்றுக்கும் அவசியமில்லை, ஜனங்கள் கேட்டார்கள், அனுப்பினார். அவன் பந்தை இரண்டு முறை தொட்டிருப்பான்.

நாலாம் நாள் ஃபேக்ஸ் வந்தது. வீரரின் தடை இன்னும் முடியவில்லை, ஆட்டம் எதிரணிக்கு மூன்று பூஜ்யம் என்று தரப்படுகிறது, இறுதிக்கு அவர்கள் போகிறார்கள். கீழே விதி எண். அக்கா அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து நின்றபடியே வாசித்தாள். பிறகு காலிறுதிப் பட்டியலின் நகலை எடுத்து இருபதாவது பெயரைப் பார்த்தாள்.

தலைவர் வந்து கதவைச் சாத்தினார். "கிளப் பேர் கெடக்கூடாதுக்கா. ஆட்டக்காரன் இன்னிக்கு இருப்பான், நாளைக்குப் போவான். எழுதிக்கோங்க" என்றார். பத்திரிகைகளுக்குக் கடிதம். 'வீரர் தம்மீதான தடையின் முழு விவரத்தை நிர்வாகத்திடம் மறைத்துவிட்டார்.' அவள் அடித்தாள், இரண்டு கார்பன் பிரதிகளோடு. பதினெட்டு வருட வேலையில் அவ்வளவு பிழையில்லாமல் அவள் அடித்த கடிதம் வேறு கிடையாது.

வேலை போனால் வீடு என்ன ஆகும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. யாருக்குத்தான் இல்லை. அதற்காக நாம் அவளுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் ஜெயித்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். அந்தக் கோப்பைக்கு அடுத்த வருடமே இல்லாமல் போயிற்று. கொக்கியின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. சின்னச் சின்னக் கிளப்களில் ஆடினான், முழங்கால் போயிற்று. ஊரில் அவன் பெயரும் 'அஞ்சு நிமிஷம்' என்று மாறியது. பஸ் நடத்துனர்கூட, "அஞ்சு நிமிஷம், உள்ள தள்ளி நில்லு" என்பார். பஸ்ஸே சிரிக்கும். ஒருமுறை அந்த பஸ்ஸில் அக்காவும் இருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாத்தியார் பேசிய மறுநாள் காலை, அக்கா கொக்கியைத் தேடிப் போனாள். லாரி எடைமேடையில் வேலை அவனுக்கு. கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு மேசை, எடை காட்டும் சிவப்பு எண்கள்.

"அட, அக்கா. வாங்க வாங்க" என்று எழுந்து, தன் நாற்காலியையே துடைத்துப் போட்டான்.

பஸ்ஸில் கோத்துவைத்திருந்த பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. போட்டு உடைத்துவிட்டாள். "கொக்கி, சின்னக் கோப்பையைப் பத்திப் புத்தகம் எழுதறவர் நேத்து போன்ல கேட்டார். காலிறுதி லிஸ்ட்ல உன் பேரை எடுத்தது நான்தான். விதியைப் படிக்காம செஞ்சுட்டேன்."

"பெஞ்சு அண்ணனுக்காகவா?"

"ஆமா."

சிரித்துவிட்டான். "அவர் எங்கிட்டயே கொண்டுவந்து காட்டினார்க்கா, பாத்தியா நானும் இருக்கேன்னு. என் பேர் இல்லைங்கறது எனக்கும் உறைக்கல. தெரிஞ்சா செஞ்சீங்க? விடுங்க. யாருக்கும் நடக்கறதுதான்."

இருபத்தெட்டு வருடப் பாரம் இவ்வளவு லேசாக இறங்குமா என்று அவளுக்குக் கண் நிறைந்தது. அப்போதே விடைபெற்றுக் கிளம்பியிருக்கலாம். அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்க்கா" என்றான். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான்: "வீரர் தம்மீதான தடையின் முழு விவரத்தை நிர்வாகத்திடம் மறைத்துவிட்டார். பேப்பர்ல வந்துதே, அதை எழுதினது யாரு?"

"தலைவர்தான் சொன்னார்."

"சொன்னது அவர். அடிச்சது?"

கிளப்பில் இருந்ததே ஒரு டைப்ரைட்டர். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "நான்தான்."

"அடிக்கும்போது அது பொய்னு தெரியுமா?"

"தெரியும்."

ஒரு லாரி மேடையேறியது. எண்கள் ஓடி நிற்கும்வரை காத்திருந்து, சீட்டை எழுதிக் கிழித்து ஓட்டுநரிடம் கொடுத்தான். லாரி போன பிறகும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"எங்கப்பா வேலை பார்த்த இடத்துல அந்தப் பேப்பரை நோட்டீஸ் போர்டுல குத்தி வச்சிருந்தாங்க. வீட்டுக்கு வந்து, ஏன்டா மறைச்சேன்னு கேட்டார். நான் எதையும் மறைக்கலப்பான்னேன். லெட்டர்லயே போட்டிருக்கேடான்னார். அதுக்கப்புறம் ஏழு வருஷம் உசுரோட இருந்தார். நீங்க ஒரு நாள் அவரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவள் நினைவுக்கு வந்தது. மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அதைக் கேட்கிற தகுதியும் தனக்கில்லை என்று இப்போது தோன்றியது.

"அந்தப் புத்தகம் எழுதறவர்கிட்ட ரெண்டையும் சொல்லணும். லிஸ்ட்டையும், லெட்டரையும்" என்றான்.

"சொல்றேன்."

அடுத்த லாரி வந்துகொண்டிருந்தது. அவன் எண்களைப் பார்த்தபடியே சொன்னான். "நான் கொஞ்சம் உக்காரணும். நாற்காலி வேணும், மேடம்."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.