மரை சேராத லென்ஸ்

திருக்கோகர்ணத்தில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். ஸ்டுடியோ என்று பலகையில் எழுதியிருந்ததே தவிர, பிழைப்பெல்லாம் செத்தவர்களால்தான் நடந்தது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஓடுகிற ஜனங்கள், மூச்சு நின்றதும் எனக்கு ஆள் அனுப்புவார்கள். போனால், தாடையைக் கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து வைத்திருப்பார்கள். என் பழைய ஜெர்மன் காமிராவுக்கும் அதுதான் தோது. அதில் ஷட்டர் கிடையாது. லென்ஸின் மூடியைக் கையால் திறந்து கையால் மூட வேண்டும். அதற்குள் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுவிடலாம். அசையாதவன் முகம்தான் அதில் விழும்.

என் மகளால் அசையாமல் இருக்க முடியாது. ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கி வடிந்தது. அதன் பிறகு அவள் கையும் தோளும் முகமும் தாமாகத் துள்ள ஆரம்பித்தன. சோற்றுக் கவளம் வாய்க்குப் போகாமல் கன்னத்துக்குப் போகும். சாமி வந்திருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. ஆஸ்பத்திரி டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. காய்ச்சல் நெஞ்சிலும் இறங்கிவிட்டது, ஆட்டம் ஒருநாள் நின்றாலும் நிற்கும், ஆனால் நெஞ்சு ரொம்ப நாள் தாங்காது என்று என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

கண் பட்டுவிடும் என்று என் மாமியார் தடுத்ததில் அதுவரை அவளை ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. படம் எடுக்காமல் பிள்ளையைப் புதைத்துவிட்டு, சில வருஷம் கழித்து என் கொட்டகை வாசலில் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். "மூஞ்சி மறந்து போச்சுங்க. ஏதாச்சும் பண்ண முடியுமாங்க?" என்பார்கள். நான் என்ன பிரம்மாவா? எரிச்சலில் விரட்டியடித்ததும் உண்டு. டாக்டர் சொன்ன அன்று, அவர்களோடு நானும் போய் நிற்கப் போகிறேன் என்ற பயம் பிடித்துக்கொண்டது. அவள் முகம் எனக்கு மறந்துவிடக் கூடாது. ஒரே ஒரு படம், கண் திறந்திருக்கிற படம், அவள் இருக்கும்போதே வேண்டும்.

எடுத்தேன், எடுத்தேன், கண்ணாடி பிளேட் பிளேட்டாகப் பாழாக்கினேன். ஒவ்வொன்றிலும் கழுத்துக்கு மேலே ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருந்தது. ஒருநாள் பொறுமை போய், சும்மா இரேன் என்று கத்திவிட்டேன். "நான் ஆடலப்பா. அதுவா ஆடுது" என்றாள். வெளிச்சப் பொடியைக் கொளுத்தி எடுக்கலாம் என்றால், அந்தப் பிள்ளைக்கு அதிர்ச்சியே ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். தூங்கும்போது ஆட்டம் சுத்தமாக நின்றுவிடும். அப்போது எடுக்கட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"கண்ண மூடுன படம் யாருக்கு எடுப்பீங்கன்னு ஊருக்கே தெரியும். எம்புள்ளைய அப்படி எடுக்க விடமாட்டேன்" என்றாள்.

மனைவியின் அண்ணன் சென்னையில் காமிரா சாமான்கள் விற்கும் கடையில் வேலை பார்த்தார். லீவுக்கு வரும்போதெல்லாம் என் காமிராவைச் செய்த ஜெர்மன் கம்பெனியின் விலைப்பட்டியலைக் கொண்டுவருவார்.

"மாப்ள, புதுசா ஒரு லென்ஸ் விடப் போறானாம். வாய் பெரிசு, வெளிச்சம் நெறய உள்ள போகுமாம், ஷட்டரும் அதுக்குள்ளயே இருக்காம். கண்ணச் சிமிட்டுற நேரத்துல படம் விழுந்துருமாம்."

"நம்ம பொட்டியில சேருமா மச்சான்?"

"பழைய பொட்டிக்கும் சேரும்னு போட்டிருக்கான்ல."

"எந்தப் பழசு? அவனுக்குப் பழசுன்னா அஞ்சாறு வருஷத்துக்கு முந்தினது. நம்மளது அவுக தாத்தா காலத்துச் சாமான். மரைய மாத்தியிருந்தா என்ன பண்றது?"

மரை என்றால் லென்ஸைக் காமிராவின் முன்பலகைத் துவாரத்தில் திருகிப் பொருத்துகிற சுற்று. கம்பெனிக்காரன் பழைய வாடிக்கைக்காரனைக் கைவிட மாட்டான் என்பது மச்சான் கட்சி. புதுக் காமிரா விற்க வேண்டுமென்றே மாற்றியிருப்பான் என்பது என் கட்சி. விலைப்பட்டியலில் இருந்த லென்ஸின் படத்தை நூல் வைத்து அளந்தோம். படத்தை எவ்வளவு சுருக்கிப் போட்டானோ, யார் கண்டது? அளந்துவிட்டு அதற்கும் ஒரு சண்டை போட்டோம். அடுத்த மாடலில் வருமா, அதற்கடுத்ததில் வருமா என்று ஜோசியம் பார்க்கிற மாதிரி பேசிக்கொண்டே இருப்போம். உள்ளே மகள் இருமுவாள். விலைப்பட்டியலை மடித்துவிடுவோம்.

அப்புறம் ஐரோப்பாவில் சண்டை வந்தது. ஜெர்மன் சரக்கு அடியோடு நின்றுபோனது. பாழாய்ப்போனவன் ஊரையெல்லாம் பிடிக்கக் கிளம்பினான், எனக்கு வேண்டிய ஒரு கண்ணாடித் துண்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று நான் தெருவில் நின்று திட்டியிருக்கிறேன். கேட்டவர்கள் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் மச்சான் விடவில்லை. சண்டைக்கு முன்னால் பம்பாயில் இறங்கிய சரக்கில் ஒரு லென்ஸ் ஒரு வியாபாரியிடம் கிடப்பதைத் துப்புப் பிடித்து, யார் யார் காலிலோ விழுந்து வாங்கி, சித்திரை பிறந்ததும் தானே ரயிலில் எடுத்துவந்தார். அதற்குள் மகளுக்கு உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. பெட்டியைப் பிரித்து, லென்ஸைப் பலகைத் துவாரத்தில் வைத்தேன். அது மரையைத் தொடாமலே நழுவி உள்ளே விழுந்தது. வாய் பெரிசு என்ற லென்ஸ்தான், என் பழைய காமிராவின் துவாரத்துக்கு அதுவும் சிறிது. மச்சான் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் ஒரு பித்தளை வளையம் கடைந்து போட்டால் போதும். திருச்சிக்கு ஓடினேன். லேத்து வைத்திருந்தவர்கள் எல்லாம் பட்டாளத்துக்குச் சாமான் கடைந்துகொண்டிருந்தார்கள். மாசக்கணக்காகும் என்றார்கள். மாசத்துக்கு நான் எங்கே போவேன்? திரும்பி வந்து, தெரிந்த பத்தரிடம் நின்றேன். நகைக்கு உள்ளே வைக்கிற அரக்கை உருக்கி, லென்ஸைச் சுற்றிலும் அடைத்து, பலகையோடு இறுக்கிக் கொடுத்தார். கல்லு மாதிரி நிற்கிறது என்றார். நானும் தட்டிப் பார்த்தேன். கல்லு மாதிரிதான் நின்றது.

ஷட்டர் சிமிட்டுகிற நேரத்தில் படம் விழ வேண்டுமானால் நல்ல வெயில் வேண்டும். அதனால் உச்சிப்பொழுதில் முற்றத்தில் காமிராவை நிறுத்தினேன். மனைவி அவளுக்குத் தலை வாரிப் பொட்டு வைத்து, மடியில் கைகளை வைத்து, நாற்காலியில் உட்கார வைத்தாள். கறுப்புத் துணிக்குள் நுழைந்து காமிராவின் பின்புறப் பால் கண்ணாடியில் முகத்தைத் தெளிவாக்கினேன். தலைகீழாக, துள்ளிக்கொண்டே, என் பிள்ளை முகம். பிளேட்டை மாட்டினேன். அவள் களைத்துச் சாய்ந்தாள். தண்ணீர் கொடுத்து, திரும்ப நிமிர்த்தி உட்கார வைத்தோம். ஷட்டரைத் தட்டினேன்.

அதற்குள் வெயிலில் அரக்கு இளகிவிட்டது. அரக்கு சூட்டில் இளகும் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். வெயில் வேண்டும் வெயில் வேண்டும் என்று பறந்த எனக்கும் மச்சானுக்கும் தெரியவில்லை. தட்டி முடித்தபின்தான், லென்ஸ் தலை தொங்கி நிற்பதைப் பார்த்தேன். பிளேட்டைக் கழுவினால், மடியும் கைகளும் விரல் நகம் வரைக்கும் துல்லியமாக விழுந்திருந்தன. மேலே போகப் போகக் கரைந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகைதான் இருந்தது. இருட்டறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

காகிதத்தில் எடுத்த படத்தை ஒளித்துவைக்கத்தான் நினைத்தேன். மகள் பார்த்துவிட்டாள். வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது என் கையாப்பா?"

"ஆமாம்மா."

"ஆடாம இருக்கே" என்றாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அதைத் துள்ளுகிற கையால் நீட்டிக் காட்டினாள். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று அரக்கைச் சுரண்டிவிட்டு, திருச்சியில் சொல்லிவைத்து வளையத்துக்காகக் காத்திருந்தேன். அவள் அதன்பின் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஆடியில் போய்விட்டாள். ஊரார், இப்போதாவது ஒரு படம் எடுத்துவிடுங்களேன் என்றார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் எடுக்கவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. கை நினைவிருக்கிறது, ஒவ்வொரு விரலும் நினைவிருக்கிறது. முகம் கொஞ்ச நாளாக எனக்கு வரவில்லை. கண்ணை மூடினால் பொட்டு வருகிறது, பொட்டைச் சுற்றி ஒன்றும் வருவதில்லை. மனைவிக்கு நன்றாக நினைவிருக்கும். கேட்டால் மூக்கு, புருவம் எல்லாம் சொல்லுவாள். கேட்டால் எனக்கு மறந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் கேட்பதில்லை.