ஆயுத பூஜைக்குக் கழற்றிய பிஸ்டல்

1. ரோலருக்குக் கீழே

ஆயுத பூஜை முடிந்து எட்டாவது நாள், காலை பத்து மணி இருக்கும். கொழுந்து உருட்டுகிற இரண்டாம் நம்பர் ரோலரின் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அதற்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். யாரோ என் காலைப் பிடித்து ஆட்டினார்கள். திட்டிக்கொண்டே வெளியே வந்தால் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரப் பெரிய துரையின் பங்களா அப்பு நிற்கிறார். பங்களாவில் சமையலும் பரிமாறலும் பார்க்கிறவரை அப்பு என்போம். இவர் பெயர் முத்தையா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளைக் கோட்டோடு அவர் தேயிலை ஸ்டோருக்குள், அதாவது பேக்டரிக்குள், வந்து நான் பார்த்ததே இல்லை.

"பாஸ், ஒங்களுக்குத் துவக்கு வேல தெரியுமாமே?"

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. கொஞ்சம் பங்களா வரைக்கும் வாங்க. தொர பதுளைக் கச்சேரிக்கு ஏதோ கவர்மெண்ட் வேலையாப் போயிருக்காரு. அவரு வாறதுக்குள்ள முடிச்சிரணும்."

நான் இலங்கை மலைநாட்டில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவன்; கைவேலைக்காரனை அங்கே பாஸ் என்பார்கள். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்த வேலைக்கு முன்பு பதுளை டவுனில் ஹமீது நானாவின் கடையில் மூன்று வருடம் துவக்குத் திருத்தினேன். பன்றி சுடுகிற பழைய துவக்குகள்தான் அதிகம் வரும். பிஸ்டல் என்றால் நாலோ ஐந்தோ தொட்டிருப்பேன். அதற்கே தோட்டத்தில் எனக்குத் துவக்கு டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

பங்களாவுக்கு ஏறுகிற குறுக்குப் பாதையில் முத்தையா அண்ணன் விஷயத்தைச் சொன்னார். ஆயுத பூஜை என்றால் ஸ்டோரில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுவோம். மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி பூட்டுவோம். கவ்வாத்துக் கத்திகூட அன்றைக்குக் குளிக்கும். பங்களாவில் கறிக்கத்தி, கத்தரிக்கோல், புல் வெட்டுகிற மெஷின் எல்லாவற்றுக்கும் முத்தையா அண்ணன் வருடா வருடம் பொட்டு வைப்பார். அந்த வருடம் அவருக்கு ஒரு குறை தோன்றிவிட்டது.

"ஆயுத பூஜையில ஆயுதத்துக்கே பூஜ இல்லேன்னா எப்படிங்க பாஸ்? தொரயோட பிஸ்டல் மேச லாச்சியிலேயே கெடக்குது பாவம். தொர கழட்டித் தொடைக்கிறத எத்தன தடவ பாத்திருக்கேன். அதே மாதிரி கழட்டுனேன், தொடச்சேன், சந்தனம் வச்சேன், சூடம் காட்டுனேன், பூட்டிட்டேன்."

"பூட்டிட்டீங்களா? சரியாவா?"

"அப்பிடித்தான் நெனச்சேன். இன்னிக்கு லாச்சிய இழுத்துத் தொடைக்கப் போனா, மேப்பாகம் அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நிக்குது. தொரைக்குத் தெரிஞ்சா பத்துச்சீட்டுதான். இருவத்திரெண்டு வருசம் பாஸ். வேலயும் போயி வீடும் போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

2. பெரட்டில் ஒரு பெயர்

அந்த வாரம் தோட்டமே ஒரு மாதிரியாக இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. மாவும் அரிசியும் கிடைக்காமல் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களில் அடுத்தடுத்துச் சாவு விழுந்த காலம். சவப்பெட்டி செய்யப் பலகை ஏது? தேயிலைப் பெட்டிப் பலகைதான். ஒவ்வொரு சாவுக்கும் துரை ஒரு துண்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார், நான் பலகையை எடுத்து ஆணி அடிப்பேன். எத்தனை என்று நான் எண்ணவில்லை, எண்ணப் பிடிக்கவும் இல்லை. துரையின் மனைவியும் பிள்ளைகளும் முன்பே இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு வேறு. அவ்வளவு பெரிய பங்களாவில் துரை ஒற்றை ஆளாக இருந்தார்.

துரை சத்தக்காரர். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் அவர் போடுகிற சத்தம் மேல் மலை லயம் வரைக்கும் கேட்கும். அந்தத் திங்கட்கிழமை அவர் வாயே திறக்கவில்லை. பனிமூட்டத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முடித்தார். அப்போது துரை மெதுவாகச் சொன்னார்:

"இப்போ என் பேர் கூப்பிடு."

கணக்கப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து, இளித்துக்கொண்டே "பெரிய தொர" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. துரை நின்ற இடத்திலேயே நின்று, அந்தப் பதிலுக்குத் தானும் காத்திருக்கிறவர் போலக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூடி நின்ற முந்நூறு பேரில் ஒருவர்கூட இருமவில்லை. பிறகு அவர் திரும்பிப் பனிக்குள் போய்விட்டார்.

அன்று மத்தியானம் ஸ்டோருக்கு வந்தார். ஓடுகிற ரோலரின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். அதிர்வு அவர் தோள் வரைக்கும் ஏறியது. என்ன தொர என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை மறுபடி ரோலரிலேயே அழுத்தினார். துரைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கொழுந்துக்காரப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அன்று அவர் கை வைத்த இடத்தைத் துணி போட்டுத் துடைத்தேன். பயந்தேன், வேறென்ன.

3. மணல் வாளி

பங்களாப் பேன்ட்ரியில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து முத்தையா அண்ணன் பிஸ்டலை வைத்திருந்தார். கை அடங்குகிற சின்ன பிஸ்டல். வெளியே பகல் பதினொரு மணி, ஆனால் ஜன்னலில் மூடுபனி ஒட்டிக்கொண்டு விளக்கு வைக்கிற நேரம் போல இருந்தது. துரையின் நாய் மேசைக்குக் கீழே படுத்திருந்தது.

துவக்கு வேலையில் முதல் பாடம், உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தீயணைக்க வைத்திருந்த மணல் வாளி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, குழாயின் வாயை அதற்குள் திருப்பிப் பிடித்தேன். முத்தையா அண்ணனைச் சுவருக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னேன். முதலில் தோட்டாப் பெட்டியை உருவினேன், வந்துவிட்டது. மேல்பாகத்தை ஸ்லைட் என்போம். அதுதான் அசையவில்லை. அதன் இடுக்கில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் எண்ணெயோடு சேர்ந்து கருஞ்சிவப்பாக உறைந்து, பார்க்கவே நன்றாக இல்லை.

பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்ததும் பழுது தெரிந்துவிட்டது. தோட்டாவை அடிக்கிற ஊசிக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஸ்ப்ரிங், அதற்குள்ளே ஒரு குட்டிக் கம்பி. கம்பியின் தலை பின்னால் இருக்க வேண்டும். முத்தையா அண்ணன் தலையை முன்னால் போட்டிருந்தார். அப்படிப் போட்டாலும் பிஸ்டல் மூடும், ஒரு தடவை இழுக்கவும் வரும். ஆனால் விசையை அழுத்தினால் ஊசிக்குப் பாதி வேகம்தான். அந்த அடியோடு ஸ்ப்ரிங்கின் கடைசிச் சுருள் பிதுங்கி, அதற்குப் பிறகு இழுத்தால் ஸ்லைட்டைப் பாதி வழியில் ஆப்பு வைத்தது போல இறுக்கிவிடும்.

இதை யோசித்ததும் என் கை நின்றுவிட்டது. விசையை அழுத்தினால்தானே சுருள் பிதுங்கும்?

"அண்ணே, பூட்டிட்டு விசைய அமுத்திப் பாத்தீங்களா?"

"ஐயோ, இல்ல பாஸ்" என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"தோட்டா போட்டீங்களா?"

"தோட்டா எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. நான் கழட்டறப்ப உள்ள ஒண்ணுமே இல்ல."

மெல்லிய ஸ்க்ரூ ட்ரைவரால் சுருளை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்லைட்டை மரக்கட்டையால் தட்டித் தட்டி, நூல் நூலாகப் பின்னுக்கு நகர்த்தினேன். கால் மணி நேரம் ஆனது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கடைசியில் ஸ்லைட் விட்டுக்கொடுத்தது. ஒரு தோட்டா வெளியே வந்து துணியில் உருண்டது. ஸ்லைட்டையும் ஊசியையும் கழற்றித் துணியில் வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தேன்.

தோட்டாவின் அடியில் நடுவாக ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதைக் கேப் என்போம். ஊசி அதில் அடித்தால்தான் வெடிக்கும். அடிபடாத கேப் வழவழப்பாக இருக்கும். இதில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. யாரோ இந்தப் பிஸ்டலில் தோட்டா போட்டு, எதையோ நோக்கிப் பிடித்து, விசையை அழுத்தியிருக்கிறார்கள்.

முத்தையா அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படியே சுவரில் சாய்ந்தார்.

"ஞாயித்துக்கெழம காலையில தேத்தண்ணி கொண்டு போனேன் பாஸ். கதவு உள்ளுக்குப் பூட்டிக் கெடந்துச்சு. உள்ள டக்குன்னு ஒரு சத்தம். கூப்பிட்டேன், பதிலே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சுக் கதவத் தொறந்து வந்தாரு. என்னத் தாண்டிப் போயிட்டாரு. பொழுது சாஞ்சப்ப என்கிட்ட வந்து, முத்தையா நீ என்னைப் பாக்கிறதா, அப்டீன்னு கேட்டாரு. ஆமாங்க தொரன்னேன். நம்பல பாஸ். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு."

எதை நோக்கி அந்தக் குழாய் பிடிக்கப்பட்டது என்று இருவருமே சொல்லவில்லை. இதைத் திருத்தி மறுபடி அந்த லாச்சியில் வைத்தால் என்ன ஆகும்? திருத்தாமல் விட்டால் முத்தையா அண்ணன் தெருவில் நிற்பார். திருத்திக் கொடுத்தால் ஒரு மனுசனின் உயிர் போகும்.

4. கைக்குள் இருந்தது

நாய் வாலைக்கூட ஆட்டவில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது துரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஜீப் சத்தமும் கேட்கவில்லை. கீழ் வளைவிலேயே ஜீப்பை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. தலைமுடியெல்லாம் பனித்துளி. மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்த பிஸ்டலைப் பார்த்தார்.

என் கை தானாக அந்தத் தோட்டாவை மூடிக்கொண்டது. அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு எனக்கு.

"யார் கழட்டினது?"

முத்தையா அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தாங்க தொர. ஆயுத பூஜைக்கு. தொடச்சுப் பொட்டு வச்சுட்டுத் தப்பாப் பூட்டிட்டேன். தொர மன்னிக்கணும்."

துரை அவரைத் திட்டவில்லை. அவர் சொன்னது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ பிட்டர். மெஷின் பத்தி நீ பொய் சொல்றது இல்லை. நீ சொல். அது வெடிச்சதா?"

நான் மூடிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"நான் சத்தம் கேக்கலை" என்றார். குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது, கொழுந்து எத்தனை றாத்தல் என்று கேட்கிற குரல். "சுட்டுக்கிற ஆளுக்குச் சத்தம் கேக்காதுன்னு சொல்றது. அதனால எனக்குத் தெரியாது. நான் நடக்கிறது. நான் பேசறது. ஆனா எனக்குத் தெரியாது."

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரட்டில் பெயர் கூப்பிடச் சொன்னதும் ரோலரில் கை வைத்து நின்றதும் இதற்காகத்தான். நாலு நாளாக இந்த மனுசன் தான் செத்துவிட்டோமா இல்லையா என்று தேடிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றியிருக்கிறார். அவருக்குத் தேவையான விடையை நான் கைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

கையை விரித்துத் தோட்டாவை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"வெடிக்கல தொர."

"நிச்சயம்?"

"நிச்சயம். வெடிச்சிருந்தா வெறும் கோதுதான் மிஞ்சும். இங்க பாருங்க, குண்டு மூக்குல அப்படியே நிக்குது. மருந்தும் உள்ள இருக்கு, கனத்தப் பாருங்க. கம்பியத் தலகீழாப் போட்டதால ஊசிக்கு வேகம் பத்தல. கேப்புல குழி விழுந்திருக்கு, அவ்வளவுதான். ஒங்களுக்கு ஒண்ணும் ஆகல தொர. ஒங்கள அது தொடவே இல்ல."

மெஷின் பழுதைச் சொல்கிறபடிதான் சொன்னேன், வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. துரை தோட்டாவைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தார். பெருவிரல் நகத்தால் அந்தக் குழியைத் தடவினார். ஒரு தடவை இல்லை, பத்துப் பதினைந்து தடவை. அப்புறம் பேன்ட்ரியின் வெறும் சிமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். துரைமார் தரையில் உட்கார்ந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நாய் எழுந்து போய் அவர் கையை மோந்தது.

அவர் அழுதார். முத்தையா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிட்டர், இதைப் பூட்டாதே" என்றார். "இப்படியே பதுளைப் பொலிசுக்குக் கொண்டு போ. நான் லெட்டர் தர்றது."

பிஸ்டலைத் துண்டு துண்டாகவே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அவருடைய டிரைவரோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். தோட்டாவும் அதில்தான் இருந்தது. முத்தையா அண்ணனுக்குப் பத்துச்சீட்டு வரவில்லை. அன்று முதல் துரை கப்பலேறும் வரைக்கும் நாலு மாதம் அவர் துரையின் அறை வாசலிலேயே பாய் போட்டுப் படுத்தார். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வேலை பழகுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பழுதைத் திருத்திவிட்டு உடைந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். உடையவர் மனம் நோகும், கோபப்படுவார் என்று மறைக்கவும் மறைக்காதீர்கள். அதை அவர் கையில் கொடுங்கள். நடந்தது இது, நடக்காதது இது என்று வாய் திறந்து சொல்லுங்கள். அன்று துரை வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், நான் தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சின்னப் பழுதுதான் தொர" என்று கும்பிட்டுவிட்டு ஸ்டோருக்குப் போயிருப்பேன்.