பாஸ்டர் எடுக்காத போன்

அக்காவுக்குப் பித்தப்பையில் கல் இருப்பதாகக் கம்பத்து டாக்டர் சொன்னார். தள்ளிப்போட வேண்டாம், சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், "பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஒண்ணும் முடியாது" என்றாள்.

சக்குபள்ளத்துப் பக்கம் ஒரே ஏலத்தோட்டத்தில் அக்காவுக்கும் எனக்கும் வேலை. தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்த வீடு. மச்சான் மேல் மரம் விழுந்து அவர் போய்ச் சேர்ந்தபோது, குழி வெட்டுகிறவர்களோடு மழையில் நனைந்துகொண்டு நின்றவர் அந்த பாஸ்டர். பிறகு தினமும் வந்து அக்காவைச் சாப்பிட வைத்தார். அவரை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அவர் மாறுதலாகித் திருநெல்வேலிப் பக்கம் போன பிறகும் அக்கா அவரை விடவில்லை. மகளைப் பெண் கேட்டு வந்தால், ஆடு வாங்கினால், ஊருக்குப் புறப்பட்டால், எல்லாவற்றுக்கும் போனில் அவர் குரல் வர வேண்டும். புது பாஸ்டர் ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பாள். இயேசு படம் மாட்டினால்கூட விக்கிரகமாகிவிடும் என்று சுவரை வெறுமையாக வைத்திருந்த வீட்டில், பழைய பாஸ்டர் சிரிக்கும் காலண்டர் வருஷம் முடிந்தும் தொங்கியது.

லயத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடைக்காது. ஆபரேஷனைப் பற்றி அவரிடம் கேட்க, ஏலக்காய் எடுத்துவிட்டு வந்த காலோடு ரோட்டு வளைவு வரை ஏறுவோம். மணி அடித்து ஓயும். குரல் செய்தி அனுப்பினால் அவர் கேட்டது தெரியும், பதில் வராது. ஒருநாள் செடிக்கு நடுவிலேயே அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

"ஆண்டவர்கிட்ட கேக்க வேண்டியத அவருகிட்ட எதுக்குக்கா கேக்குற?"

"நான் கேட்டா ஆண்டவருக்கு எங்க கேக்கப் போகுது? பாஸ்டர் கேட்டாத்தான் கேக்கும்."

அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வளைவில் நின்றிருந்தபோது அவரே கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். குரல் கம்மியிருந்தது.

"டாக்டர் சொன்னதச் செய்யுங்க சிஸ்டர்."

"நீங்க ஆண்டவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க பாஸ்டர்."

அக்கா போனை இன்னும் கிட்டே பிடித்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். உங்கள மாதிரி எத்தனையோ பேரு கேக்குறாங்க. மணி அடிச்சாலே நெஞ்சு படபடன்னு வருது. அதான் எடுக்கல. என் வீட்டு விஷயத்துக்கே எனக்கு வழி தெரியல. நானும் மனுஷன்தான். என்னையக் கீழ இறக்கி விட்டுருங்க."

அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் சபைக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலையில் பார்த்தால், பையில் துணியெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸுக்கு நின்றாள். நானும் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறொன்று ஆரம்பித்தது. "நீ ஜெபம் பண்ணு புள்ள, நீ பண்ணாத்தான் வலி கேக்குது" என்றாள். பண்ணினேன். தூங்கிவிட்டாள். பக்கத்து வீடுகளிலும் சொல்லியிருக்கிறாள். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, குடிக்கிற புருஷனுக்கு என்று என்னைக் கூப்பிட வந்தார்கள். சபையில் யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. சலிப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் உள்ளுக்குள் இனிக்காமல் இல்லை.

ஒரு சாயங்காலம் மகளுக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். "கொடுக்கலாமா வேண்டாமான்னு நீ சொல்லு. நீ சொன்னா ஆண்டவர் சொன்ன மாதிரி."

"எனக்குத் தெரியாதுக்கா. என்னைய அந்த இடத்துல வைக்காத. நீயே ஆண்டவர்கிட்ட பேசு."

"எனக்கு வார்த்தை வராது."

"வராட்டி சும்மா இரு. நான் பக்கத்துல இருக்கேன்."

கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. காய்க் கறை போகாத கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நாலு வார்த்தை நானே ஜெபித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பது அத்தனை பாடாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அக்கா, "ஆண்டவரே, எனக்கு முடியல" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அழுதாள். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.

மறுநாள் சம்பந்தத்தைப் பற்றி மகளிடமே கேட்டிருக்கிறாள். இப்போது வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாளாம்.

இன்னமும் அக்கா ஏதாவது ஒன்றுக்கு என்னிடம் வந்து நிற்கிறாள். தெரியாது என்கிறேன். முறைத்துக்கொண்டு போகிறாள். செய், செய்யாதே என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அவளுக்கும் நிம்மதி, நானும் சீக்கிரம் அடுப்படிக்குப் போகலாம். வேலை முடிந்து களைத்து வருகிற நேரத்தில் அதைச் சொல்லாமல் வாயை அடக்குவதுதான் உடம்புக்குப் பெரும்பாடு.