மலையில் போட ஒரு பேன்ட்

நான் நில அளவையராக வேலைக்குச் சேர்ந்தபோது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. வாரத்தில் மூன்று நாளாவது கல்வராயன் மலைக்கு அளக்கப் போக வேண்டியிருக்கும். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் காலை பஸ்ஸில் நானும் என் உதவியாளரும் ஏறுவோம். அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். நிலம் அளக்கும் சங்கிலி அவர் தோளில் இருக்கும், நோட்டும் வரைபடமும் என் பையில்.

முதல் வருடம் புடவையில் போனேன், பிறகு சுடிதாரில். துப்பட்டா போகிற வழியெல்லாம் முள்ளில் மாட்டும். புடவைக் கொசுவம் சரிவில் இறங்கும்போது காலைத் தட்டும். கிராமக் கூட்டம் இருந்த ஒரு நாள் மறுபடியும் புடவை கட்டிப் போய், மழையில் நனைந்த பாறையில் கொசுவத்தை மிதித்து விழுந்தேன். கணுக்கால் பிசகி, பத்து நாள் படுக்கை. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக பேன்ட் வாங்கக் கடைவீதிக்குப் போனேன்.

"வூட்டுக்காரருக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தாங்க."

அவர் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் பெண்கள் போடுகிற ஜீன்ஸ் ஒன்றை எடுத்து வந்தார். உடம்பை இறுக்கிப் பிடிக்கிற துணி. பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தையல் கோடு. விரல்கூட நுழையவில்லை. வேறு வழியில்லாமல் ஆண்கள் பேன்ட் ஒன்றை வாங்கினேன். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது, அதற்குக் கீழே இறுக்கிப் பிடித்தது. பெல்ட் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு போன இரண்டாம் நாள், மரவள்ளிக் காடு ஒன்றின் ஓரத்தில் எல்லைக் கல்லைத் தேடிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பின்பக்கத் தையல் மேலிருந்து கீழ்வரை விட்டது. சத்தம் நன்றாகவே கேட்டது.

"நான் அந்தக் கல்ல பாத்துட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு உதவியாளர் எதிர்ப்பக்கம் நடந்தார். அந்தப் பக்கம் கல்லே கிடையாது.

காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். எதுவும் கேட்காமல் குடிசைக்குப் போய் ஒரு லுங்கியோடு வந்தாள்.

"எங்க வூட்டுக்காரருதும்மா. தொவச்சதுதான். கட்டத் தெரியுமா?"

"தெரியாது."

அவளே பேன்ட்டுக்கு மேல் சுற்றிக் கட்டி, முட்டிவரை மடித்தும் விட்டாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தாள். அழுகை முட்டிக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம்வரை லுங்கியோடுதான் அளந்தேன். உதவியாளர் திரும்பி வந்து சங்கிலியைப் பிடித்தார். அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கிழிந்த பேன்ட்டை எடுத்துக்கொண்டு, எனக்கு பிளவுஸ் தைத்துத் தரும் அக்காவிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மெஷின் போடவும் ஒரு ஆள் நிற்கவும் மட்டுமே இடமிருக்கும் கடை.

"பேன்ட்டா? நான் தெச்சதே இல்லியே" என்றார். ஆனாலும் அதை வாங்கி மடியில் போட்டு, விட்டுப்போன தையலை விரலால் தடவிப் பார்த்தார். "இது நின்னுக்கினே இருக்கறவங்களுக்குத் தெச்சதும்மா. நீ மலையில இன்னா இன்னா பண்ணுவ? பண்ணிக் காட்டு."

வாசல் திரைச்சீலையை இழுத்துவிட்டார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஒரு காலை ஸ்டூலில் தூக்கி வைத்தேன். குனிந்தேன். ஒவ்வொரு நிலையிலும் அவர் டேப்பை வைத்து அளந்தார். ஊரை எல்லாம் அளந்த என்னை அதுவரை யாரும் அப்படி அளந்ததில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அங்க ஒண்ணுக்கு வந்தா இன்னா பண்ணுவ?"

புடவை என்றால் ஒரு புதர் மறைவு போதும், அப்போதும் கொஞ்சமாகத்தான் தண்ணீர் குடிப்பேன். பேன்ட் போட்ட இரண்டு நாளும் காலையிலிருந்து நான் தண்ணீரே குடிக்கவில்லை. அதைச் சொன்னேன். அவர் டேப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"தண்ணி குடிக்காம வெயில்ல நடந்துக்கினு இருந்தியா?"

அவர் டேப்பை மறுபடி எடுத்து என் இடுப்பில் சுற்றினார்.

"அப்ப ஜிப்பு வேணாம். பின்னாடி எலாஸ்டிக், முன்னாடி பட்டி. இழுத்தா சட்டுனு எறங்கணும். மேல முட்டிவரைக்கும் ஒரு சட்டை தெச்சித் தரேன், உக்காந்தா அது மறைச்சிக்கும்."

முதலில் பழைய போர்வைத் துணியில் ஒன்று தைத்துப் பார்த்தார். உட்கார்ந்ததும் தொடையில் பிடித்தது. பிரித்து, பைஜாமாவுக்கு வைப்பதுபோல் இரண்டு காலுக்கும் நடுவே சதுரமாக ஒரு துண்டு சேர்த்தார். அதன் பிறகுதான் நல்ல துணியை வெட்டினார். கெட்டியான பருத்தி, மண் பட்டாலும் தெரியாத பழுப்பு நிறம். மணிக்கட்டுவரை கை நுழையும் பாக்கெட் இரண்டு.

அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள், பன்னிரண்டு மணிக்குள் இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தேன். அன்று எனக்குத் தலை வலிக்கவில்லை. மலைக்குப் போனாலே சாயங்காலம் தலை வலிக்கும் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் மேலதிகாரி, "ஃபீல்டுக்குச் சரிம்மா, இங்க வரும்போது புடவையிலயே வாங்க" என்றார். சில மாதம் பையில் ஒரு புடவையைச் சுமந்து திரிந்தேன். ஒரு நாள் பஸ் தாமதமாகிவிட, மாற்ற நேரமில்லாமல் அப்படியே போய் அவர் முன்னால் வரைபடத்தை விரித்தேன். அவர் வரைபடத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டார். அடுத்த நாளிலிருந்து நான் புடவையைச் சுமப்பதை விட்டுவிட்டேன்.

அக்கா அதே அளவில் இன்னும் இரண்டு தைத்துக் கடை வாசலில், பிளவுஸ்களுக்கு நடுவே தொங்கவிட்டார். வெகுநாள் யாரும் விலைகூடக் கேட்கவில்லை. பிறகு ஒருமுறை போனபோது இரண்டையும் காணோம்.

"கரும்பு வெட்டறவங்க வாங்கிக்கினு போனாங்க. பொடவைக்குள்ள போட்டுக்குவாங்களாம். காஞ்ச சோகை எலை கால கிழிக்குது இல்ல. இன்னும் நாலு கேட்டிருக்காங்க."

கொஞ்ச நாள் கழித்து மூங்கில்துறைப்பட்டுக்கு ஒரு வேலையாகப் போனேன். பஸ் நின்ற இடத்தில் சாலையோரம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. புடவையை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகி, அடியில் பழுப்பு நிற பேன்ட் போட்ட ஒரு பெண், வெட்டிய கரும்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பாக்கெட்டில் கைவிட்டு ஒரு வெற்றிலைச் சுருளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பஸ் கிளம்பும்வரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.