மஞ்சளுக்குள் ஒரு சிவப்பு

உலகம்மாள் டீச்சரின் வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகள் தங்கள் மூச்சைக் கண்ணால் பார்த்தார்கள்.

தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பப்பாளி இலைக் காம்பைக் குழலாக நீட்டுவாள். "ஊதணும். உறிஞ்சினா வாய் வெந்துரும். மெள்ள ஊது." பிள்ளை ஊத ஊதத் தண்ணீர் பால்போல வெளுக்கும். "உனக்குள்ள இருந்து வந்த காத்துதான் இப்படிப் பண்ணியிருக்கு" என்பாள். சில பிள்ளைகள் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். அந்த விரிந்த கண்களைப் பார்ப்பதற்காகவே அவள் ஒவ்வொரு நாளும் விழித்தெழுந்தாள்.

பதினேழு வயதில் தாலியை இழந்தவள் அவள். அழுது முடித்து, வெள்ளைச் சேலையோடு ஆசிரியைப் பயிற்சிக்குப் போய், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவிலுள்ள மேலகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தாள். கல்யாண வீடுகளில் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் மட்டும் அவள் சேலையை விடுவதில்லை. ரசாயனம் என்ற பெரிய சொல்லை அவள் வகுப்பில் சொன்னதே கிடையாது. "இதுவும் அதுவும் சேந்தா என்னவா மாறுது, பாப்போமா?" என்று கேட்பாள். பாடம் அதிலிருந்து தொடங்கும்.

பர்மாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சாரல் பிடித்திருந்த ஒரு காலையில், இசக்கி என்ற சிறுமி வகுப்புக்கு அழுதுகொண்டே வந்தாள்.

"என்னட்டி?"

"எங்க மதினி தாலி செவந்துட்டு டீச்சர். அண்ணன் செத்துட்டானாம்."

இசக்கியின் அண்ணன் குற்றாலிங்கம், கல்யாணமான கையோடு பட்டாளத்துக்குப் போனவன். பல மாதமாக அவனைப் பற்றிச் சேதியே இல்லை. அவன் மனைவி பேச்சியம்மாள் அன்று விடிந்ததும் குளித்து, தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசி, கிணற்றடியில் அவன் விட்டுப்போன சட்டையைத் துவைக்க உட்கார்ந்திருக்கிறாள். மற்றத் துணியெல்லாம் வண்ணாருக்குப் போகும். அந்தச் சட்டையை மட்டும் அவள் யாரிடமும் கொடுப்பதில்லை. சவுக்காரக் கட்டியைப் போட்டுத் தேய்த்தவளுக்கு என்ன நினைவு வந்ததோ, நுரை படிந்த கையோடு தாலியைப் பற்றி நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது கயிறு ரத்தமாய்ச் சிவந்திருந்தது. தாலி சிவந்தால் புருஷன் போய்விட்டான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

"மதினிய புளியறைக்கு, அவ அய்யா வீட்டுக்கே அனுப்பப் போறாக. வண்டி கட்டியாச்சு" என்று விம்மினாள் இசக்கி.

பிள்ளைகளைத் தனியே விட்டுப்போக முடியாது. "எல்லாரும் கையக் கோத்துக்கிட்டு எங்கூட வாங்க" என்றாள் உலகம்மாள்.

அந்த வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. பயணம் நல்லபடியாக அமையச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. வண்டிக்குள் பேச்சியம்மாள் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். மாமியார் குருவம்மாள் ஓடி வந்து உலகம்மாளை மறித்தாள்.

"டீச்சரம்மா, நீங்க இங்கன வர வேண்டாம். எங்களுக்கு வந்தது போதாதா?"

"தாலியறுத்தவளுக்கு மட்டும் எப்படித்தான் மோப்பம் பிடிக்குதோ" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

உலகம்மாளின் கண்கள் நிறைந்தன. சாரல் அதை மறைத்துவிட்டது.

"நான் உள்ள வரலக்கா. தெருவுலயே நிக்கேன். கொஞ்சம் மஞ்சளும், அந்தச் சவுக்காரமும் மட்டும் குடுங்க."

குருவம்மாள் அசையவில்லை. அவள் புருஷன் சொரிமுத்துதான், வெற்றிலை குதப்பியபடி உள்ளே போய் இரண்டையும் எடுத்து வந்தார். மகன் உயிரோடிருக்கிறான் என்று நம்ப ஒரு நூல் கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும் நிலையில் இருந்தார் அவர்.

உலகம்மாள் மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் தடவினாள். அதன்மேல் ஈரச் சவுக்காரத்தால் ஒரு கோடு இழுத்தாள். கோடு சிவந்தது. எல்லாக் கைகளும் சிவந்தன. பெண்கள் பின்வாங்கினார்கள்.

இசக்கி தன் கையையே வெறித்தாள். "டீச்சர், இப்ப யாரு சாவா?"

"இந்த நெறத்த வேற எங்கன பாத்திருக்க?"

இசக்கி யோசித்தாள். "கல்யாணத்துல. ஆரத்தித் தட்டுல."

"ஆரத்திக்கு என்ன கரைப்பாக?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்."

அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணும் தன் கையாலேயே எத்தனையோ ஆரத்தி கரைத்தவள். மணமக்கள் முன் அந்தச் சிவப்பைச் சுற்றி வாழ்த்தியவள். அதே மஞ்சள் கயிற்றில் சிவந்தபோது மட்டும் ஏன் எமன் தெரிந்தான்?

"சுண்ணாம்புக்கும் சவுக்காரத்துக்கும் ஒரு குணம். ரெண்டும் மஞ்சளச் செவக்க வைக்கும். புளிப்புக்கு நேர் எதிர்க் குணம். ஏட்டி இசக்கி, ஒரு எலுமிச்சம்பழம் கொண்டா."

இசக்கி வேறெங்கும் தேடவில்லை. சக்கரத்தடியில் இருந்த பழத்தை எடுத்து வந்துவிட்டாள். யாரோ அதட்ட வாயெடுத்தார்கள், சொரிமுத்து கையமர்த்தினார்.

உலகம்மாள் அதைப் பிளந்து அவள் கையில் பிழிந்தாள். சின்ன உள்ளங்கையில் சிவப்பு ஓரத்திலிருந்து கரைந்து, மஞ்சள் பழையபடி விடிந்தது. இவ்வளவு நேரம் அது எங்கே இருந்தது? பிள்ளைகள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"கை வேற, தாலி வேற" என்றாள் குருவம்மாள்.

குருவம்மாள் ஒரு கணம் வண்டியைப் பார்த்தாள். பிறகு தன் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்து, சவுக்காரத்தைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, என்ன பண்ணுத?" என்று பதறினார் சொரிமுத்து.

"நீங்க சும்மா இருங்க."

கண்ணை இறுக மூடித் தேய்த்தாள். கயிறு சிவந்தது. அத்தனை பேரும் சொரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தி, மெதுவாக மூச்சு விட்டுப் பார்த்தார்.

"என்னய ஏன் இப்படிப் பாக்கீக? இருக்கேன்லா."

யாரோ சிரித்தார்கள். குருவம்மாள் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து முதலில் புருஷனைத்தான் பார்த்தாள். அப்புறம் உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எம்புள்ள உசுரோட இருக்கானா, டீச்சரம்மா?"

ஆம் என்று சொல்லிவிட்டால் அந்தத் தாய் நெஞ்சு எவ்வளவு குளிரும்.

"அது இந்தக் கயித்துக்குத் தெரியாதுக்கா. எனக்கும் தெரியாது."

குருவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருக்கும் தெரியாதுன்னா, இருக்கான்னே வச்சுக்கிடுவோம்" என்றாள். பிறகு குரலை உயர்த்தி, "மாட்ட அவுத்து விடுங்க. ஏட்டி பேச்சி, எறங்கு" என்றாள்.

பேச்சியம்மாள் இறங்கும்போது கால் தடுமாறி உலகம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தாலிக்காரி அந்த வெள்ளைச் சேலையைத் தொட்டதை யாரும் தடுக்கவில்லை. குருவம்மாள் பாதிப் பழத்தோடு வந்து, மருமகளின் கயிற்றை உள்ளங்கையில் ஏந்தித் தானே பிழிந்தாள். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கழுத்தை நீட்டினார்கள்.

"வருது டீச்சர்" என்று கிசுகிசுத்தாள் இசக்கி. "மஞ்ச வருது."